மலையில் தெர்மல் ஸ்கேன்: முதன்முறை போகிறவர்களுக்கு

"ஊசி கிடையாது, எக்ஸ்ரே கிடையாது, யாரும் தொடவும் மாட்டார்கள்." புற்றுநோய்ச் சந்தேகம் உண்டா என்று மார்பின் வெப்பத்தைக் கேமராவால் படமெடுத்துப் பார்க்கும் தெர்மல் ஸ்கேன் நோட்டீஸ்களில் முதலில் கண்ணில் படுவது இந்த மூன்றும்தான். மூன்றும் உண்மை. டாக்டரிடம் மார்பைக் காட்டவே கூச்சப்படும் நம் பெண்கள் பலர் இதற்கு மட்டும் சம்மதித்து வருவதற்கும் இதுதான் காரணம். வருவது நல்லது. ஆனால் என்ன எதிர்பார்த்து வருகிறோம், எப்படித் தயாராகி வருகிறோம், கையில் கொடுக்கும் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அடுத்து எங்கே போகிறோம் என்பதில்தான் பலன் இருக்கிறது. நீலகிரிக் குளிரில் இதற்கென்று தனியாகச் சில கவனங்களும் வேண்டும். சமவெளியில் அச்சடித்த கையேடுகளில் அவை இருக்காது. குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டங்களில் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். அந்த அனுபவத்தில் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. மார்பிலோ அக்குளிலோ கட்டி தட்டுப்பட்டிருந்தால், காம்பு புதிதாக உள்ளே இழுத்திருந்தால், காம்பிலிருந்து ரத்தம் கசிந்தால், தோல் குழி விழுந்தோ ஆரஞ்சுத் தோல் மாதிரி தடித்தோ இருந்தால், ஸ்கேன் முகாமுக்காகக் காத்திருக்க வேண்டாம். நேரே டாக்டரிடம் போங்கள். வலி இல்லையே என்று தள்ளிப் போடவும் வேண்டாம்; மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

கேமரா எதைப் பார்க்கிறது

நம் உடம்பு எந்நேரமும் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. கண்ணுக்கு அது தெரியாது. 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, சிவப்பைத் தாண்டி ஒன்றுமே தெரியாத இடத்தில் தெர்மாமீட்டரை வைத்தபோது அது ஏறியது. அந்தக் கதிர்தான் இது. தெர்மல் கேமரா நம்மீது எதையும் பாய்ச்சுவதில்லை. தோலிலிருந்து வருவதை வாங்கிப் படமாக்குகிறது. நல்ல கேமரா ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூடப் பிரித்துவிடும்.

வேகமாக வளரும் கட்டி தனக்கென்று புது ரத்தக்குழாய்களை உண்டாக்கிக்கொள்ளும். ரத்தம் கூடுதலாகப் பாயும் இடம் கொஞ்சம் சூடாக இருக்கும். மான்ட்ரியலில் ரே லாசன் என்ற மருத்துவர் 1956-ல், புற்றுநோய் உள்ள மார்பகத்தின் தோல் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதை எழுதி வெளியிட்டார். இந்தத் துறை அங்கிருந்து தொடங்கியது.

ஆனால் கேமரா தோலைத் தாண்டி உள்ளே பார்ப்பதில்லை. அடுப்பு எரியும் சுவரை மறுபக்கத்திலிருந்து தொட்டுப் பார்ப்பது மாதிரி இது: சுவர் மெல்லியதாக இருந்தால் சூடு தெரியும், கனமாக இருந்தால் தெரியாது, வெறும் வெயில் பட்ட சுவரும் சுடத்தான் செய்யும். ஆழத்தில் இருக்கும் சின்னக் கட்டியின் வெப்பம் மேலே வருவதற்குள் கொழுப்பில் கரைந்துவிடலாம். சூடே இல்லாத புற்றுக்கட்டிகளும் உண்டு. மறுபக்கம், பால் கட்டினாலும், சீழ் வைத்தாலும், மாதவிலக்கு நெருங்கினாலும் மார்பு சூடாகும். அவை எதுவும் புற்றுநோய் அல்ல.

1970-களில் அமெரிக்காவில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பரிசோதித்த பெரிய திட்டம் ஒன்றில் மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமோடு, தெர்மோகிராபி எனப்படும் இந்தத் தெர்மல் ஸ்கேனையும் சேர்த்திருந்தார்கள். புற்றுநோய் இருந்தவர்களில் பலரை அது தவறவிட்டதால், திட்டம் முடியும் முன்பே அதை நிறுத்திவிட்டார்கள். அந்த நாட்டில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் எஃப்.டி.ஏ. 1982-ல் இதை மேமோகிராம் போன்ற பரிசோதனைக்குத் துணையாக மட்டும் அனுமதித்தது. மேமோகிராமுக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று 2019-லும் எச்சரித்தது. "10 வருஷத்துக்கு முன்பே புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும்" என்று எந்த நோட்டீஸிலாவது கண்டால் அந்த இடத்துக்குப் போகாதீர்கள். அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை.

நம் நாட்டில் பெங்களூருவைச் சேர்ந்த நிராமை நிறுவனம், 2016-ல் கீதா மஞ்சுநாத் தொடங்கியது, இந்தப் படங்களைக் கணினி கொண்டு படிக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. மனிதக் கண் தவறவிடும் வெப்ப வித்தியாசங்களைக் கணினி கணக்கிட்டுச் சொல்லும். அதுவும் சந்தேகத்துக்கு இடமானவர்களைப் பிரித்து அடுத்த பரிசோதனைக்கு அனுப்புவதற்குத்தான். நோய் இருக்கிறதா என்ற கடைசித் தீர்ப்பை, ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் ஊசிப் பரிசோதனைதான் சொல்லும்.

யார் போகலாம், அதற்குமுன் எங்கே போக வேண்டும்

30 வயது தாண்டிய பெண்ணா நீங்கள்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவு நர்ஸ் இருப்பார். சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கும் அதே இடத்தில் மார்பகத்தையும் கையால் பரிசோதித்துச் சொல்வார். காசு கிடையாது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடம் கேட்டால் எந்தக் கிழமை வர வேண்டும் என்று சொல்லிவிடுவார்.

கையால் பார்ப்பதுதானே என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 1998-ல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களை 20 வருஷம் தொடர்ந்து கவனித்தது. பாதிப்பேருக்குப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மார்பகத்தைக் கையால் பரிசோதித்தார்கள். 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோயால் நேர்ந்த மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. பயிற்சி உள்ள கைக்கு அவ்வளவு பலம். இதை நான் தோட்டத்துப் பெண்களிடம் சொல்லிச் சொல்லியே பலரை சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறேன்.

40 வயதுக்கு மேல் மேமோகிராம் எடுப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இந்த நோய் வந்திருந்தால் இன்னும் முன்பே கேட்க வேண்டும். இளம் பெண்களுக்கு மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் சரியாகத் தெரியாமல் போகலாம். அவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் எழுதித் தருவார்கள். இவற்றோடு கூட ஒன்றாகத் தெர்மல் ஸ்கேனும் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. இவற்றுக்குப் பதிலாக அது மட்டும் போதும் என்று முடிவு செய்தால் ஆபத்து.

தேதி குறிப்பது

மாதவிலக்கு தொடங்கி 5 நாள் கழிந்து 12 நாளுக்குள் வரும் நாளாகப் பாருங்கள். கருமுட்டை வெளியான பிறகு உடம்பு வெப்பம் கொஞ்சம் ஏறிவிடும், மார்பும் கனக்கும். விலக்கு நின்றவர்களுக்கு எந்த நாளும் சரி. பால் கொடுக்கிற தாய்மார், நிறுத்திக் குறைந்தது 3 மாதம் கழித்துப் போகலாம். மார்பில் ஆபரேஷனோ ஊசிப் பரிசோதனையோ நடந்திருந்தாலும் அதே 3 மாதம். காய்ச்சல் அடித்தால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.

தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் வேலை நாளில் முகாம் என்றால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி, போய்விடுமே என்று, மதியம்வரை கொழுந்து பறித்துவிட்டு அப்படியே ஓடி வருவார்கள். ஏறி இறங்கி, வெயில் பட்டு, முதுகில் பை சுமந்து வந்த உடம்பு படத்தில் எங்கும் சிவந்து நிற்கும். முகாம் நடத்துகிறவர்களிடம் ஞாயிற்றுக்கிழமை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். நாலு பேர் சேர்ந்து கேட்டால் வைப்பார்கள்.

முந்தின நாளும் அன்று காலையும்

மலையில் இருக்கிற நமக்கு இந்தப் பகுதிதான் முக்கியம், நிதானமாகப் படியுங்கள்.

தைலம். சளி என்றால் நெஞ்சில், இடுப்பு வலி என்றால் முதுகில், தலைவலி என்றால் நெற்றியில் நீலகிரித் தைலம் தேய்க்காத வீடு நம் ஊரில் இல்லை. தைலம் முதலில் ஆவியாகிக் குளிரவைக்கும், பிறகு தோலில் ரத்தத்தை வரவழைத்துச் சூடாக்கும். முந்தின ராத்திரி நெஞ்சில் பூசிப் படுத்தால்கூடக் குழப்பம் வரலாம். முதல் நாளிலிருந்தே தைலம், விக்ஸ், வலி நிவாரணக் களிம்பு, தேங்காய் எண்ணெய், பவுடர், செண்ட் எதுவும் கழுத்துக்குக் கீழே வேண்டாம்.

வெந்நீர். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் கொதிக்கக் கொதிக்கக் குளிப்பது நம் வழக்கம். குளித்து இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலமே குளித்துவிடுவது இன்னும் எளிது. வெந்நீர்ப் பையை நெஞ்சோடு அணைத்துத் தூங்குகிறவர்கள் அன்று ஒரு ராத்திரி காலடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணப்பு. கரி அடுப்புக்கு முன்னால் ஒருக்களித்து உட்காருகிறோம். நெருப்பைப் பார்த்த பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருக்கும். தெர்மல் படத்தைப் படிக்கிறவர்கள் முதலில் பார்ப்பதே இடது வலது வித்தியாசத்தைத்தான். ஆகவே அன்று காலை கணப்புப் பக்கம் போகாதீர்கள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒரு பக்கமே வெயில் வாங்கி வருவதும் அப்படித்தான்.

டீ. இதைச் சொல்லும்போதுதான் எல்லோர் முகமும் சுருங்கும். டீ, காபி இரண்டும் ஸ்கேனுக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் நின்றுவிட வேண்டும். சூடும் சேராது, அதில் உள்ள காஃபினும் சேராது. புகையிலை, வெற்றிலையோடு போடும் புகையிலை உட்பட, ரத்தக்குழாயைச் சுருக்கும். அன்று காலை அதுவும் வேண்டாம். சாப்பாட்டைப் பட்டினி போடத் தேவையில்லை. ஆறின இட்லி இரண்டு சாப்பிட்டு வரலாம். தினசரி மாத்திரைகளை நிறுத்த வேண்டாம், என்ன மாத்திரை என்று அங்கே சொன்னால் போதும்.

உடை. இறுக்கமான பிரா, ரப்பர் வைத்த உள்ளாடை தோலில் தடம் பதிக்கும். அந்தத் தடம் படத்தில் கோடு கோடாகத் தெரியும். தளர்ந்த ரவிக்கை அல்லது முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி, மேலே ஸ்வெட்டர், சால்வை என்று வாருங்கள். கழற்றிப் போட எளிது. தாலிக் கயிறோ செயினோ இருந்தால் படமெடுக்கும்போது பின்பக்கம் தள்ளிவிட்டுக்கொள்ளலாம். கழற்றித்தான் ஆக வேண்டும் என்று யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை.

அறைக்குள்

சமவெளியில் இந்த ஸ்கேனுக்கு ஏ.சி. போட்டு அறையைக் குளிர வைப்பார்கள். நமக்கு அது தலைகீழ். 20 முதல் 23 டிகிரி இருக்க வேண்டிய அறை, 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் ஜனவரிக் காலையில் அதில் பாதிகூட இருக்காது. குளிரில் உடம்பு என்ன செய்யும்? தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து உள்ளே வெப்பத்தைக் காப்பாற்றும். நடுங்கிக்கொண்டே நிற்கும் பெண்ணின் மார்பு எங்கும் ஒரே குளிர்ச்சியாகப் பதியும். காட்ட வேண்டிய சூடும் அதில் மறைந்துபோகும். கூடலூர் மாதிரி கீழே இருக்கும் ஊர்களில் சிக்கல் வேறு. அங்கே வேர்க்கும், வேர்வை காயும்போது தோல் குளிரும்.

ஆகவே அறைக்குள் நுழைந்ததும் சுவரில் தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். அறையை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்க வேண்டும், ஆனால் படமெடுக்கும் நேரத்தில் ஹீட்டர் உங்களை நோக்கி எரியக்கூடாது, குண்டு பல்பு பக்கத்தில் இருக்கக்கூடாது, ஜன்னல் வழியாக வெயிலோ காற்றோ வரக்கூடாது.

பெண் டெக்னீஷியன் இருப்பார். இல்லையென்றால், உங்களோடு ஒரு பெண்ணை உள்ளே அழைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. இடுப்புக்கு மேல் உடையைக் கழற்றிவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கையைக் கட்டிக்கொள்ளாமல், மார்பில் எதுவும் படாமல், அக்குளில் காற்றுப் படும்படி கைகளை இடுப்பில் ஊன்றியோ தலைக்குமேல் தூக்கியோ வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். பலருக்கு இந்தப் பதினைந்து நிமிடம்தான் கஷ்டம். கூச்சத்தில் சால்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள். மூடினால் மறுபடி முதலிலிருந்து உட்கார வேண்டும்.

ஒருமுறை தோட்டத்து அம்மா ஒருவர் அப்படி உட்கார்ந்திருந்தார். திரையில் அவர் முன்கை மணிக்கட்டோடு நின்றுபோயிருந்தது. விரல்கள் அவ்வளவு குளிர்ந்து, பின்னால் இருந்த சுவரின் நிறத்தோடு கலந்துவிட்டன. "சிஸ்டர், என் கை எங்கே?" என்று பதறினார். "இருக்கும்மா, கொஞ்சம் பொறுங்க" என்றேன். நிமிடங்கள் போகப் போக உள்ளங்கை மங்கலாக எழுந்தது, பிறகு கட்டைவிரல், கடைசியில்தான் சுண்டுவிரல் நுனி. வெளிக்குளிரிலிருந்து வந்த உடம்பு நிதானத்துக்கு வர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதை அந்தக் கைதான் காட்டியது. அதனால் சொல்கிறேன்: வந்தவுடன் நிற்கவைத்து இரண்டு நிமிடத்தில் படமெடுத்து அனுப்புகிற முகாமில் எடுத்த படத்துக்கு மதிப்பில்லை.

பிறகு படம் எடுப்பது சில நிமிட வேலைதான். நேராக ஒன்று, இரண்டு பக்கமும் சாய்வாக ஒவ்வொன்று, முழுப் பக்கவாட்டில் ஒவ்வொன்று என ஐந்து கோணங்கள் வழக்கம். சில இடங்களில் கையைக் குளிர்ந்த தண்ணீரில் வைக்கச் சொல்லி மறுபடி எடுப்பார்கள். செல்போனில் மாட்டும் குட்டிக் கேமராவை வைத்து மார்பகப் பரிசோதனை என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மின் இணைப்பில் சூடு பார்க்க அது உதவும், இதற்கு உதவாது.

படம் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. நிறம் நிறமாகத் தெரிந்தாலும் இது உங்கள் உடம்பின் படம். முகம் விழாமல் எடுங்கள் என்று சொல்லலாம். யார் கணினியில் இருக்கும், பெயரோடு இருக்குமா எண்ணோடு இருக்குமா, வேறு யாருக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஊரே ஒருவரையொருவர் அறிந்த சிறு ஊர் நம்முடையது. டெக்னீஷியனின் செல்போனில் தனியாக ஒரு படம் எடுக்கப்படுவதை அனுமதிக்கவே கூடாது.

சிவப்பைக் கண்டு பயப்படாமல் இருக்க

திரையில் தெரியும் நிறம் உங்கள் உடம்பில் இல்லை, மென்பொருள் பூசுவது. எந்த டிகிரிக்கு எந்த நிறம் என்பதை இயக்குகிறவர் மாற்றலாம். மேல் எல்லையை 36 டிகிரியில் வைத்தால் பச்சையும் மஞ்சளுமாகத் தெரியும் அதே மார்பு, எல்லையை 33-க்கு இறக்கினால் முழுக்க ரத்தச் சிவப்பாகிவிடும். உடம்பில் ஒன்றும் மாறியிருக்காது. படத்தின் ஓரத்தில் நிறப் பட்டையும் அதில் எண்களும் இருக்கும். அவற்றைப் பார்க்காமல் சிவப்பைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. சிவப்புப் படத்தைக் காட்டிப் பயமுறுத்தி, அங்கேயே சத்து மாத்திரையோ பவுடரோ விற்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

ரிப்போர்ட்டில் டி.எச். 1 முதல் டி.எச். 5 வரை ஓர் எண் போட்டிருக்கலாம். 1, 2 இயல்பு. 3 என்றால் இப்படியும் சொல்ல முடியாது அப்படியும் சொல்ல முடியாது. 4, 5 இயல்புக்கு மாறானது. இந்த எண்ணுக்கும் புற்றுநோயின் கட்டத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. டி.எச். 3 என்று படித்துவிட்டு "மூணாவது ஸ்டேஜ்" என்று வீட்டில் அழுது புரண்ட பெண்களை எனக்குத் தெரியும். மேமோகிராம் ரிப்போர்ட்டில் வரும் பை-ராட்ஸ் எண் வேறு. அது 0 முதல் 6 வரை போகும். மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாதீர்கள், தெரிந்தவர்கள் சொல்வதையும் நம்பாதீர்கள், டாக்டரிடமே கேளுங்கள்.

"இயல்பு" என்று வந்த ரிப்போர்ட்டைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. சந்தேகம் என்று வந்தவர்கள் எப்படியும் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். இயல்பு என்று வந்தவர்கள், "ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லையாம்" என்று சொல்லிக்கொண்டு, பிறகு வரும் கட்டியைக்கூட வருஷக்கணக்கில் மறைத்து வைத்துவிடுகிறார்கள். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கு. 2022-ல் சுமார் 1.92 லட்சம் பேருக்குப் புதிதாக வந்தது, சுமார் 98 ஆயிரம் பேர் இறந்தார்கள். இத்தனை பேரை இழப்பதற்கு முக்கியக் காரணம் தாமதம். அந்தத் தாமதத்துக்கு ஒரு ரிப்போர்ட் சாக்காகிவிடக் கூடாது. இயல்பு என்று வந்தாலும் சுகாதார நிலையத்தில் கையால் பார்ப்பதும், வயதுக்கேற்ற மேமோகிராமும் அப்படியே தொடர வேண்டும்.

உடம்பின் மற்ற பாகங்களுக்கு

"ஃபுல் பாடி தெர்மல் ஸ்கேன்" என்று எடுத்துச் சர்க்கரை, தைராய்டு, கல்லீரல் எல்லாம் சொல்லுகிறோம் என்பார்கள். சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனைதான். தைராய்டுக்கும் அதுதான். அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

உண்மையில் உதவும் ஓர் இடம் உண்டு: சர்க்கரை உள்ளவர்களின் பாதம். உணர்ச்சி மரத்துப்போன காலில் புண் வெளியே தெரிவதற்கு முன்பே அந்த இடம் அழற்சியால் சூடாகும். இடது பாதத்தின் ஓர் இடத்துக்கும் வலது பாதத்தின் அதே இடத்துக்கும் 2.2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து இருந்தால் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு நடையைக் குறைத்து டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது ஆய்வுகளில் தேறிய கணக்கு. கேமரா இல்லாவிட்டாலும் ராத்திரி படுக்கும்முன் புறங்கையால் இரண்டு பாதத்தையும் தொட்டுப் பார்க்கலாம், அடிப்பாதத்தை ஒரு கண்ணாடியில் பார்க்கலாம். நாளெல்லாம் கம்பூட்ஸ் போட்டுத் தோட்டத்தில் நிற்கிறவர்களுக்கு இதை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். பூட்ஸுக்குள் ஒரு சிறு கல் கிடந்தாலும் மரத்த காலுக்குத் தெரியாது. குளிர்காலத்தில் அந்தக் காலைக் கணப்பருகே நீட்டிச் சூடு காய்வது இன்னும் ஆபத்து. தோல் வெந்தபிறகுதான் தெரியும். சாக்ஸ் போடுங்கள், நெருப்பிலிருந்து காலைத் தள்ளி வையுங்கள்.

ஸ்கேன் பாதத்துக்கு என்றால் பதினைந்து நிமிடம் செருப்பும் சாக்ஸும் இல்லாமல், கால் சில்லென்ற சிமெண்ட் தரையில் படாமல், ஸ்டூலில் தூக்கி வைத்திருக்க வேண்டும்.

அடுத்து எங்கே

ரிப்போர்ட்டில் சந்தேகம் என்று வந்தாலோ, ரிப்போர்ட் எப்படியிருந்தாலும் கையில் கட்டி தட்டுப்பட்டாலோ, போக வேண்டிய வரிசை ஒன்றுதான்: டாக்டரின் கைப் பரிசோதனை, பிறகு மேமோகிராம் அல்லது அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் ஊசி மூலம் திசு எடுத்துப் பரிசோதனை. இதில் டாக்டர் தேவை என்று சொன்னவை முடியாமல் புற்றுநோய் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடுகளில் பேசிக்கொள்வார்கள். அது உண்மையில்லை. ஊசிப் பரிசோதனையைப் பயந்து தள்ளிப்போட்டவர்கள்தான் கஷ்டப்பட்டார்கள்.

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 2025 ஏப்ரலில் 700 படுக்கைகள் கொண்ட புதிய கட்டடம் திறக்கப்பட்டது. அங்கே அறுவைச் சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவில் காட்டுங்கள். குன்னூரில் இருப்பவர்கள் லாலி மருத்துவமனையில் தொடங்கலாம். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்களுக்குக் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை இருக்கிறது. அவர்கள் மொழி தெரிந்தவர்களே அங்கே வேலை பார்க்கிறார்கள். எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் 104-க்கு போன் செய்து கேட்கலாம்.

கோவைக்கு எழுதிக் கொடுத்தால் கட்டாயம் போங்கள். மேட்டுப்பாளையம் இறங்கும் 14 கொண்டை ஊசி வளைவைச் சொல்லியே நின்றுவிட்டவர்கள் பலர். வாந்தி வருகிறவர்கள் டாக்டரிடம் அதற்கு மாத்திரை கேட்டு வாங்கிக்கொண்டு பஸ்ஸில் முன்பக்கம் உட்காரலாம். மேமோகிராமுக்குப் போகும் நாளிலும் அக்குளில் பவுடர், செண்ட் கூடாது. அவை படத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழுந்து குழப்பும். டீ மட்டும் அன்று தாராளமாகக் குடிக்கலாம்.

பையில் எடுத்துவைக்க வேண்டியவை: தெர்மல் ஸ்கேன் ரிப்போர்ட்டும் படமும், முன்பு எடுத்த மேமோகிராம் இருந்தால் அதன் ஃபிலிம், சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அட்டைக்குத் தகுதி உண்டு. ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சைச் செலவு அதில் வரும். அட்டை இல்லாதவர்கள் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் இப்போதே பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். நோய் என்று தெரிந்தபிறகு அலைவதைவிட இது நல்லது.

ஊசிப் பரிசோதனை முடிந்து கிளம்பும்போது, ரிசல்ட் எந்தத் தேதியில் வரும், யாரிடம் வாங்க வேண்டும், போனில் சொல்வார்களா நேரில் வர வேண்டுமா என்று மூன்றையும் சீட்டின் பின்பக்கம் நர்ஸையே எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தேதிக்குக் கூட வருவது வீட்டுக்காரரா மகளா என்பதையும் அன்றைக்கே பேசி முடிவு செய்துவிடுங்கள்.